மலையகத்து ஜீப்: துரை பங்களாவிலிருந்து மரக்கறித் தோட்டம் வரை

இலங்கை மலையகத்தில் லேண்ட் ரோவர், வில்லிஸ், மிட்சுபிசி, மகேந்திரா எல்லாமே ஜீப்தான். சதுர மூஞ்சி, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, பின்னால் எதிரெதிராக இரண்டு நீள இருக்கை. இவ்வளவு இருந்தால் அது ஜீப். 'லேண்ட் ரோவரை ஜீப் என்று சொல்லக்கூடாது, அது வேறு கம்பனி' என்று கொழும்பிலிருந்து வருகிற பையன்கள் திருத்துவதுண்டு. எங்கள் ஊர்க்காரர்கள் தலையாட்டிவிட்டு மறுபடியும் ஜீப் என்றே சொல்வார்கள்.

என்னிடம் இருப்பதும் அப்படி ஒரு ஜீப். பதிவுப் புத்தகத்தின்படி லேண்ட் ரோவர் சீரீஸ் 3, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 88 அங்குலம். பொனட்டைத் திறந்தால் உள்ளே ஜப்பான் டீசல் என்ஜின். கியர்பெட்டி இங்கிலாந்து, பின் இருக்கைத் தோல் ஹட்டன், தார்ப்பாய் கண்டி. இந்தக் கலவை எப்படி வந்தது என்பதைச் சொன்னாலே மலையகத்தின் எழுபது, எண்பது வருடக் கதையில் ஒரு பகுதி வந்துவிடும்.

ஜீப் இந்த மலைக்குப் போரோடு வந்தது. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் டில்லியிலிருந்து கண்டிக்கு மாறியது. பேராதனைத் தாவரவியல் பூங்காவே இராணுவ அலுவலகமானது. அமெரிக்காவில் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து போர்க்காலத்தில் 6 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளிய அந்தச் சின்ன வண்டி, படைகளோடு கண்டித் தெருக்களுக்கும் வந்தது. போர் முடிந்து படைகள் போய்விட்டன. ஜீப் என்ற சொல் போகவில்லை.

அதற்கு முன்னால் மலையில் எப்படிப் போனார்கள்? தோட்டங்களை நிர்வகித்த துரைமார் குதிரையில் போனார்கள், பிறகு கார் வாங்கினார்கள். சின்ன துரைமார் மோட்டார் சைக்கிளில் மலை ஏறி இறங்கினார்கள். தோட்டத் தொழிலாளர்களான எங்கள் ஆட்கள் நடந்தார்கள். ரயில் 1885இல் நானுஓயாவுக்கும் 1924இல் பதுளைக்கும் போய்ச் சேர்ந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்குப் போன சின்ன ரயில் பாதையை 1940களில் மூடிவிட்டார்கள். ரயில் நிலையத்திலிருந்து தோட்டத்துக்குள் போக மாட்டுவண்டிப் பாதைதான். மாடு இழுக்கக்கூடிய சாய்வில் மலையைச் சுற்றிச் சுற்றி வெட்டிய பாதை அது. கல் பதித்து, ஓரத்தில் மழைநீர் ஓடக் கான் வெட்டி, இரண்டு வளைவுக்கு ஒரு நீர்ப்போக்கு வைத்திருப்பார்கள். தேயிலைப் பெட்டி கீழே இறங்கவும் அரிசி மூட்டை மேலே ஏறவும் அது போதும். அந்தப் பாதைகளில் பலவற்றின் மேல்தான் நான் இன்றைக்கும் ஜீப் ஓட்டுகிறேன். கல் அதே கல். கான் மட்டும் தூர்ந்துவிட்டது.

லேண்ட் ரோவரின் பிறப்புக் கதை பலருக்குத் தெரிந்ததுதான், அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். ரோவர் கம்பனியின் தலைமைப் பொறியாளர் மொரிஸ் வில்க்ஸுக்கு வேல்ஸில் ஆங்கிள்சி தீவில் ஒரு பண்ணை இருந்தது. அங்கே போரில் மிஞ்சிய ஒரு வில்லிஸ் ஜீப்பை வைத்து வேலை செய்தார். இது தேய்ந்துபோனால் என்ன செய்வாய் என்று அண்ணன் ஸ்பென்சர் கேட்டாராம். இன்னொரு வில்லிஸ்தான் வாங்க வேண்டும், வேறு எதுவும் இல்லையே என்றாராம் தம்பி. அப்புறம் கடற்கரை மணலில் குச்சியால் ஒரு வண்டியை வரைந்தார் என்று கதை போகிறது. மணல் கதை எப்படியோ போகட்டும், உலோகக் கதைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. போர் முடிந்த பிரித்தானியாவில் உருக்குக்குப் பங்கீடு. ஏற்றுமதி செய்து அந்நியச் செலாவணி கொண்டுவருகிறவனுக்கே உருக்கு. விமானம் செய்த தொழிற்சாலைகளிலோ அலுமினியம் தேங்கிக் கிடந்தது. அதனால் உடம்பை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். பெரிய அச்சு இயந்திரம் தேவைப்படாமல் கையாலும் எளிய கருவிகளாலும் மடிக்கக்கூடியபடி நேர்க்கோடாகவே வடிவமைத்தார்கள். சேசிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, தட்டையான உருக்குப் பட்டிகளை ஒட்டிப் பெட்டியாகச் செய்தார்கள். முதல் வண்டிகளுக்கு அடித்த வெளிர்பச்சை, விமானங்களுக்கு வாங்கி மிஞ்சிய பெயின்ட். இன்று எல்லாரும் அழகு என்று கொண்டாடுகிற அந்தச் சதுர உருவம் பஞ்சத்தில் பிறந்தது. 1948 ஏப்ரல் 30ஆம் திகதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அதை வெளியே காட்டினார்கள். 1.6 லீற்றர் பெற்றோல் என்ஜின், 50 குதிரைவலு.

1948 என்றதும் மலையகத்தில் எவருக்கும் வேறொன்றுதான் ஞாபகம் வரும். பெப்ரவரியில் சுதந்திரம்; அந்த வருடம் முடிவதற்குள் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம். தோட்டத்து மக்களில் பெரும்பாலானவர்கள் ஒரே சட்டத்தில் நாடற்றவர்களானார்கள். லேண்ட் ரோவருக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் 1950களில் இந்த வண்டிகள் தோட்டங்களுக்கு வந்தபோது, வண்டிக்கு அரசாங்கப் பதிவேட்டில் ஓர் எண் இருந்தது. அதை ஓட்டிய டிரைவருக்கு எந்த நாட்டின் பதிவேட்டிலும் இடமில்லை.

அந்த எண்ணுக்கும் ஒரு கதை உண்டு. முன்பு ஆங்கில எழுத்தோடு இருந்த வாகன எண்கள் 1957இலிருந்து சிங்கள 'ஸ்ரீ' எழுத்தோடு வந்தன. அதை எதிர்த்து வடக்கிலும் மலையகத்திலும் எண் தகட்டில் தார் பூசினார்கள். 1958 கலவரத்துக்கு முன்னோடியான சம்பவங்களில் அதுவும் ஒன்று. இன்றைக்கு அதே ஸ்ரீ எண்ணுள்ள பழைய ஜீப்புக்குத்தான் மவுசு. 'ஒரிஜினல் ஸ்ரீ நம்பர்' என்று விளம்பரத்தில் போட்டால் விலை ஏறுகிறது. விற்கிறவர் தமிழராக இருந்தாலும் அப்படித்தான் போடுகிறார். இதில் கோபப்படவும் எனக்குத் தோன்றவில்லை, சிரிக்கவும் தோன்றவில்லை.

சரி, தோட்டத்துக்கு வருவோம். அப்பா மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் பெரிய துரைக்கு டிரைவராக இருந்தார். காக்கி உடுப்பு, எண்ணெய் வாசம், கையில் எப்போதும் ஒரு பழந்துணி. காலையில் பெரட்டு, அதாவது ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது, முடிந்ததும் ஜீப் பங்களாவிலிருந்து இறங்கும். வண்டி கண்ணில் படுவதற்கு முன்னாலேயே கியர்பெட்டியின் ஊளை மலை முழுக்கக் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டதும் கங்காணியின் குரல் ஒரு கட்டை ஏறிவிடும் என்று அம்மா சொல்வார். பேச்சுச் சத்தம் அடங்கும், நிரை ஒழுங்காகும். ஜீப் வேறு பக்கம் திரும்பிப் போய்விட்டால் எல்லாம் பழையபடி. துரை வருகிறாரா என்று பார்க்க ஆள் வைக்கத் தேவையில்லை. அந்த வண்டியே தண்டோராப் போட்டுக்கொண்டு வரும். ஒரு விதத்தில் தொழிலாளிக்கு வசதிதான்.

ஜீப்பில் யார் எங்கே உட்காருவது என்பதிலும் தோட்டத்தின் படிநிலை இருந்தது. முன் இருக்கை துரைக்கு. பின்னால் துரையின் நாய், சம்பள நாளில் பணப்பெட்டியோடு கிளாக்கர் ஐயா. கணக்குப்பிள்ளைக்கு எப்போதாவது இடம் கிடைக்கும். தொழிலாளிக்குக் கிடையாது. நான் பிறந்த அன்று அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது கொழுந்து லொறி. சாக்குகளின் மேல் படுக்க வைத்து, பக்கத்தில் மருத்துவச்சி உட்கார்ந்து போனாராம். அப்பா தினமும் ஓட்டிய ஜீப் பங்களா வாசலில் நின்றது. அப்பா அதைக் குறையாகச் சொன்னதே இல்லை. அம்மா சொல்வார், ஒவ்வொரு வருடமும் என் பிறந்தநாளில்.

1972இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. வெள்ளைக்காரத் துரைமார் போனார்கள், ஜீப்புகள் நின்றன. ஜனவசம என்ற அரசுச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நிர்வாகத்தை எடுத்த காலத்தில் புதிய வண்டி வாங்கக் காசு ஏது? இருக்கிறதையே ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள். தோட்டத்து மெக்கானிக்குகள் உண்மையான லேண்ட் ரோவர் நிபுணர்களானது அப்போதுதான் என்பது என் எண்ணம். தொழிற்சாலையில் சுருள் இயந்திரத்துக்குப் புஷ் கடைகிற அதே லேத்தில் ஜீப்புக்கும் கடைந்தார்கள். 1992இல் தோட்ட நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளுக்குப் போனது. புதிய நிர்வாகங்கள் டபுள் கெப் என்கிற இரட்டை இருக்கை வரிசை பிக்கப்புக்கு மாறின. பழைய ஜீப்புகள் கொட்டகைக்கும், அங்கிருந்து ஏலத்துக்கும் போயின. துரையின் வண்டி மற்றவர்கள் கைக்கு வந்த வழி இதுதான்.

வாங்கியவர்களில் பழங்கால வண்டி சேர்க்கிற ஆட்கள் குறைவு. கந்தப்பளையிலும் வெலிமடையிலும் கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு போடுகிறவர்கள் வாங்கினார்கள். மழைக்காலத்தில் தோட்டத்து மூலையிலிருந்து மூட்டையை ரோட்டுக்கு இழுத்து வர அதற்கு நிகர் கிடையாது. நகரத்துக் கடைக்காரர்கள் வாங்கினார்கள். விறகு ஏற்ற, தேருக்கு ஜெனரேட்டர் கொண்டுபோக, சாவு வீட்டுக்குக் கதிரை ஏற்ற என்று எல்லாவற்றுக்கும் ஓடியது. முன்பு நாய்க்கு ஒதுக்கியிருந்த பின் இருக்கையில் பன்னிரண்டு பேர் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

பெற்றோல் என்ஜினை வைத்துக்கொண்டு இந்த வேலை கட்டாது. சீரீஸ் வண்டிகளின் 2.25 லீற்றர் பெற்றோல் என்ஜின் கடினமான என்ஜின், ஆனால் மலையில் ஒரு லீற்றருக்கு ஐந்தாறு கிலோமீற்றர் கிடைத்தால் அதிர்ஷ்டம். இலங்கையில் டீசல் நீண்டகாலமாகப் பெற்றோலைவிட மலிவு. ஜப்பானிலிருந்து ரீகண்டிஷன் டீசல் என்ஜின்கள் கொழும்புக்கு மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போனால் எந்த என்ஜினும் கிடைக்கும் என்ற நிலை. இசுசு, நிசான், டொயோட்டா, கிடைத்ததை வாங்கி, நடுவே ஓர் இணைப்புத் தகடு கடைந்து வைத்து, பழைய கியர்பெட்டியோடு பூட்டிவிடுவார்கள். கராஜ் பாஸ்மார், அதாவது மெக்கானிக்குகள், இதில் கைதேர்ந்தவர்கள். இங்கிலாந்துக்காரர் பார்த்தால் வயிறு எரியும். எனக்கு அதில் வருத்தமில்லை. என்ஜின் மாற்றாமல் விட்டிருந்தால் இந்த வண்டிகளில் பாதி இரும்புக்கடைக்குப் போயிருக்கும்.

இடையில் மற்ற ஜீப்புகளும் வந்தன. மிட்சுபிசி 1953 முதல் 1998 வரை வில்லிஸ் உரிமத்தில் ஜப்பானில் ஜீப் செய்தது. அதில் வந்த 2.7 லீற்றர் டீசல் என்ஜினின் பெயரான '4டிஆர்5' இலங்கையில் வண்டியின் பெயராகவே மாறிவிட்டது. மகேந்திரா 1947இலேயே இந்தியாவில் வில்லிஸ் பூட்டத் தொடங்கிய கம்பனி. சுசுகியின் குட்டி ஜீப்பு குறுகலான தோட்டப் பாதைக்கு நல்லது, மூட்டை ஏற்றத்தான் ஆகாது. பஜெரோவும் டிஃபெண்டரும் வேறு சாதி. டிஃபெண்டர் அமைச்சர் வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் காவலுக்கு ஓடி ஓடி, அதைக் கண்டாலே ஓரம் ஒதுங்குகிற பழக்கம் நம் ஆட்களுக்கு வந்துவிட்டது. அந்த டிஃபெண்டர் 1948இன் நேர் வாரிசு. 1983இல் 110 என்றும் அடுத்த வருடம் 90 என்றும் வந்து, 1990இல் டிஃபெண்டர் என்று பெயர் பெற்றது. 2016 ஜனவரி 29ஆம் திகதி சொலிஹல் தொழிற்சாலையில் கடைசி வண்டியோடு அந்த வரிசை முடிந்தது. மொத்தம் 20 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல்.

இனி, வைத்து ஓட்டுகிற அனுபவம்.

சீரீஸ் வண்டியில் மூன்று தடிகள். பெரியது சாதாரண கியர். மஞ்சள் தலையுள்ளதை அழுத்தினால் முன் சக்கரங்களுக்கும் இழுவை போகும். சிவப்புத் தலையுள்ளதைப் பின்னால் இழுத்தால் நாலு சக்கரமும் இழுக்கும், கூடவே கியர்கள் எல்லாம் இரண்டு மடங்குக்கு மேல் சின்னதாகிவிடும். வண்டியை நிறுத்திவிட்டுத்தான் சிவப்பை இழுக்க வேண்டும். நகரத்து ஆட்கள் இது ஏறுவதற்கு என்று நினைக்கிறார்கள். அப்பாவைக் கேட்டால் இறங்குவதற்கு என்பார். அந்தக் காலத்து டிரம் பிரேக் நீண்ட இறக்கத்தில் சூடேறினால் பிடிப்பு விட்டுப்போகும். பாரத்தோடு மூன்று கிலோமீற்றர் இறங்குகிறபோது பிரேக்கை நம்பினால் கானுக்குள்தான். சிவப்பை இழுத்து இரண்டாவது கியரில் விட்டுக் காலை எடுத்துவிட்டால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், கிழவர் படி இறங்குவது மாதிரி. "தம்பி, ஏறுன கியருலதான் எறங்கணும்" என்பது பழைய டிரைவர் ஒருவர் எனக்குச் சொன்ன முதல் பாடம்.

சீரீஸ் 3 வருவதற்கு முந்திய வண்டிகளில் முதல் இரண்டு கியருக்கும் ஒத்திசைவு, அதாவது பற்சக்கரங்களின் வேகத்தைத் தானே சமப்படுத்தும் அமைப்பு, கிடையாது. கிளச்சை இரண்டு தரம் மிதித்து, நடுவில் என்ஜின் வேகத்தைச் சரிக்கட்டிப் போட வேண்டும். சரியாகப் போட்டால் வெண்ணெயில் கத்தி. தவறினால் ஊரே திரும்பிப் பார்க்கும். அப்பாவுக்கு இந்த வயதிலும் வேனில் போகும்போதுகூட இடது கால் தன்பாட்டில் இரண்டு தரம் அசையும்.

வாங்கிய முதல் வருடம் நான் செய்த முட்டாள்தனம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மழை விட்ட ஒரு பின்னேரம், தோட்டப் பாதையில் பின் சக்கரம் ஒன்று சேற்றில் சுழன்றது. மஞ்சளை அழுத்தியிருக்க வேண்டும். நான் வீரமாக எக்ஸலேட்டரை மிதித்தேன். சுழன்ற சக்கரம் திடீரென்று ஒரு கல்லைப் பிடித்தது. டமார். என்ஜின் ஓடுகிறது, கியர் விழுகிறது, வண்டி நகரவில்லை. பின் அச்சுக்குள் சக்கரத்தைச் சுழற்றுகிற தண்டு, ஹாஃப் ஷாஃப்ட், முறிந்துவிட்டது. சக்கரத்துக்கு வேகமாகச் சுழலும் சுமையும் திடீர்ப் பிடிப்பும் ஒன்றாக வந்தால் எங்கோ ஓரிடம் உடையத்தான் வேண்டும். அன்று உடைந்தது அது.

ஒருபக்கத் தண்டு உடைந்தால் டிஃப்ரென்சல் எல்லா இழுவையையும் உடைந்த பக்கத்துக்கே கொடுத்துவிடும், அதனால் மற்றச் சக்கரமும் இழுக்காது. ஆனால் முன் அச்சு ஒன்று இருக்கிறதே. அப்பாவுக்குப் போன் செய்தேன். "மஞ்சள அமுக்கிட்டு வா" என்றார், அவ்வளவுதான். முன் சக்கரம் மட்டும் இழுக்க, பதினொரு கிலோமீற்றர் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மறுநாள் சக்கரத்தைக் கழற்றாமலே ஆறு போல்ட்டை அவிழ்த்துத் தண்டை உருவி எடுத்தோம். உள்ளே முறிந்து நின்ற துண்டை வெளியே இழுக்கத்தான் அரை நாள் போனது. சக்கரத்தின் பாரத்தை அச்சுக்குழாயே தாங்குகிறபடி செய்திருப்பதால் இது முடிகிறது. யோசித்துச் செய்த வண்டி. உடையாது என்று யாரும் சொல்லவில்லை. உடைந்தால் ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வரலாம், இரண்டு ஸ்பானரோடு திருத்தலாம். மலையில் எனக்கு இதுதான் வேண்டும்.

உண்மையான எதிரி துரு. அலுமினிய உடம்பு துருப்பிடிக்காது என்று எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் உடம்பைத் தாங்குகிற சேசிஸும் முன்சுவரும் உருக்கு. நுவரெலியாப் பக்கத்துப் பனிமூட்டத்தில் வருடத்தில் பாதி நாள் எல்லாமே நனைந்திருக்கும். சேசிஸ் பெட்டிக்குள் சேறு புகுந்து உட்கார்ந்தால் உள்ளிருந்து தின்னும், வெளியே பெயின்ட் பளபளக்கும். அலுமினியமும் உருக்கும் தொடுகிற இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும்; திருகாணிகளைச் சுற்றிப் பூஞ்சணம் பிடித்தது போலிருக்கும். பழைய ஜீப் வாங்கப் போகிறவருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: என்ஜினைக் கேட்காதீர்கள். ஒரு சாக்கை விரித்துக் கீழே படுத்து, சின்னச் சுத்தியலால் சேசிஸைத் தட்டிக்கொண்டே போங்கள். கோயில் மணி மாதிரி கேட்டால் நல்லது. தேங்காய் மாதிரி கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள். டிரைவர் கால் வைக்கிற தகட்டையும் மேலே விரித்திருக்கிற கால்மிதியைத் தூக்கிப் பாருங்கள். எனக்கு விற்றவர் புத்தம் புது ரப்பர் மிதி போட்டிருந்தார். ஏன் என்று அடுத்த மழையில் தெரிந்தது.

சொகுசு என்று எதுவும் இல்லை, அதை விவரிக்கவும் ஒன்றுமில்லை. கண்ணாடிக்குக் கீழே காற்று வர இரண்டு கதவு இருக்கும். மூடினாலும் காற்று வரும். 88 அங்குல வண்டியில் எரிபொருள் தாங்கி வலப்பக்க இருக்கைக்கு அடியில், அதாவது நாம் உட்கார்ந்திருப்பதே 45 லீற்றரின் மேல். முன் பம்பரில் ஒரு துளை, அதற்குள் கைப்பிடி விட்டுச் சுற்றி என்ஜினைக் கிளப்பலாம். டீசல் மாற்றியபின் அந்த வசதி போய்விட்டது. காலைக் குளிரில் பேட்டரி இறங்கிக் கிடக்கும்போதெல்லாம் பழைய பெற்றோல் என்ஜினை நினைத்துக்கொள்வேன்.

கடதாசி வேலை தனி. எனக்கு முந்திய சொந்தக்காரர் என்ஜினை மாற்றினார், புத்தகத்தில் மாற்றவில்லை. புத்தகத்தில் பெற்றோல், பொனட்டுக்குள் டீசல். என்ஜின் வாங்கிய பற்றுச்சீட்டைத் தேடி மூன்று மாதம் அலைந்தேன். இலங்கையில் பழைய ஜீப் வாங்குகிறவர் முதலில் வாங்குவது புத்தகத்தைத்தான். வண்டி அதோடு சேர்ந்து வருகிறது. வெளிநாட்டிலிருந்து பழைய வண்டி கொண்டுவர வழியில்லாத நாட்டில், இருக்கிற சேசிஸ் எண்கள் இருக்கிறவைதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் கோழி அடைந்த ஜீப்புக்கும் விலை வந்தது. 2022இல் டீசல் ஜனவரியில் 121 ரூபாயாக இருந்து ஜூன் கடைசியில் 460 ஆனபோது அந்த ஜீப்புகள் எல்லாம் மறுபடியும் கொட்டகைக்குள் போயின. என்னுடையதும்தான். இரண்டு மாதம் தார்ப்பாயின் மேல் எங்கள் வீட்டுப் பூனை குட்டி போட்டு வளர்த்தது.

இவ்வளவு தொல்லையோடு எழுபது வருடத்துக்கு முந்திய வடிவத்தை ஏன் இன்னும் கட்டி அழ வேண்டும்? வண்டியின் உறுதியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அது பாதி விடை. மீதிப் பாதி பிரதேச சபைச் சட்டத்தில் இருக்கிறது.

1987ஆம் ஆண்டு 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் பிரதேச சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. தோட்டம் தனியார் காணி, பாதை தோட்டத்துப் பாதை, சபை எப்படித் தார் போடும் என்ற கணக்கு. தோட்டத்து மக்கள் ஓட்டுப் போட்டார்கள், உறுப்பினர்களையும் தெரிவு செய்தார்கள். அந்த உறுப்பினர் தன் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, போகிற பாதைக்கு ஒரு பெட்டி சரளை கொட்ட முடியாது. தோட்ட நிர்வாகமோ தொழிற்சாலைக்கு லொறி போகிற பாதையைப் பார்க்கும். லயத்துக்கு ஏறுகிற பாதை யாருடைய கணக்கிலும் வராது. 2018இல்தான் இந்தப் பிரிவைத் திருத்தினார்கள். முப்பது வருடம் பாதை பாராமல் கிடந்ததால் மலையகத்தில் ஜீப்புக்கு வேலை இருந்தது. உலகத்தில் மற்ற இடங்களில் பாதையை விட்டு விலகிப் போக வாங்குகிற வண்டியை, நாங்கள் வீட்டுக்குப் போக வாங்கினோம்.

சட்டம் திருந்தியவுடன் பாதை திருந்திவிடவில்லை. சபைகளிடம் பணம் இல்லை. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொங்கிரீட் விழுகிறது. கொங்கிரீட் விழுந்த இடத்தில் ஆட்டோ ஏறுகிறது, டிமோ பட்டா என்கிற குட்டி லொறி ஏறுகிறது, கரட் மூட்டைக்கு ஜீப் தேவைப்படவில்லை. வயலுக்குள் லேண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சக்கர டிராக்டர் போதும். ஜீப்புகள் சுற்றுலாவுக்குத் திரும்புகின்றன. நுவரெலியாவில் சந்தத்தென்னைப் பக்கம் மூன் பிளேன்ஸுக்கு ஏற்றிப் போகிறார்கள். விடியற்காலை நாலு மணிக்கு ஓட்டன் சமவெளிக்கு, நக்கிள்ஸ் பக்கம் மீமுரேக்கு என்று ஓடுகிறார்கள். ஓட்டுகிற பையன்களில் பலர் லயத்தில் பிறந்தவர்கள். முன் இருக்கையில் வெள்ளைக்காரர், பின்னால் அவருடைய பை. இதைப் பார்த்துவிட்டு அப்பா, "மறுபடியும் அதே தானா?" என்றார். இல்லை அப்பா, இப்போது வண்டி அவன் பெயரில் இருக்கிறது என்றேன். லீசிங் முடிந்துவிட்டதா என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கொழும்பிலிருந்து வார இறுதியில் பெரிய டயரும், கூரை உயரத்துக்குக் காற்றுக்குழாயும் மாட்டி வருகிறவர்களும் கூடியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் எந்த ஆற்றுக்குள் முங்கப் போகிறார்களோ தெரியாது. அவர்கள் சேறு தேடி ஏறுகிற புல்வெளிச் சரிவுகளில் சக்கரம் கிழித்த தடம் அடுத்த மழையில் ஓடையாகிறது. 2014 அக்டோபரில் மீரியபெத்தையில் மலை இறங்கி வந்து லயங்களை மூடியதைப் பார்த்த பிறகு, ஈர மலையில் வேண்டுமென்றே தடம் வெட்டுவதை விளையாட்டு என்று என்னால் நினைக்க முடிவதில்லை. இருக்கிற கல் பாதையிலேயே ஓட்டிக் காட்டட்டும். அதிலேயே போதுமான வித்தை இருக்கிறது.

தேயிலைத் தொழிற்சாலைகளில் இயந்திரங்களுக்குக் காவலாக ரோதைமுனியைக் கும்பிடுவது மலையக வழக்கம். ரோதை என்றால் சக்கரம். ஆயுத பூசைக்கு நானும் ஜீப்பைக் கழுவி, பொனட்டின் மேல் இருக்கிற உதிரிச் சக்கரத்துக்குச் சந்தனம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைப்பேன். போன வருடம் அப்பா கீழே இறங்கி வர முடியாததால், பூசை முடிந்ததும் ஜீப்பை மேலே பழைய லயத்துக்கு ஓட்டிப் போனேன். கோயில் வளைவு வரைக்கும் இப்போது கொங்கிரீட். அது முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்தி, சிவப்பை இழுத்தேன். மேலே முற்றத்தில் உட்கார்ந்திருந்தவர், நான் போய் இறங்கியதும், "கல் ரோட்டுக்கு வந்தவொடனே மாத்திட்ட போல, சத்தம் கேட்டுச்சு" என்றார்.